கடைக்கு முன்னால் உள்ள வீதி யாருக்கு?

வியாபாரிகள் நாலு பேர் கூடி வீதியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். "வாகனம் நிறுத்த இடமில்லை, அதனால் வியாபாரமில்லை." நடைபாதையை அகலமாக்க வேண்டும், சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் மறுப்பவர்களும் கடைக்காரர்களாகிய நாம்தான். இந்தப் பயம் நியாயமானதா? உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கனடாவின் டொரண்டோ நமக்குப் புதிய ஊரல்ல. இலங்கையிலிருந்து போன தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையாக வாழும் நகரம். அங்கே புளோர் வீதி ஒரு பெரிய கடைத்தெரு. அதன் அனெக்ஸ் பகுதியைப் பற்றி 2009 இல் வெளியான ஆய்வில், கடைக்கு வருபவர்களில் 10 சதவீதத்தினர் மட்டுமே காரில் வருவது தெரிய வந்தது. நடந்தும் சைக்கிளிலும் வருபவர்களே அடிக்கடி வருகிறார்கள். மாதக் கணக்கில் கூடுதலாகச் செலவழிப்பவர்களும் அவர்களே.

2016 ஆகஸ்டில் அந்த வீதியில் 2.4 கிலோமீற்றர் தூரத்துக்குப் பரீட்சார்த்தமாகச் சைக்கிள் பாதை அமைத்தார்கள். வாகனத் தரிப்பிடங்களில் ஒரு பகுதி இல்லாமல் போனது. சைக்கிளில் போவோர் தொகை 49 சதவீதத்தால் கூடியது. வியாபாரிகளின் சங்கங்களும் சேர்ந்து நடத்திய ஆய்வில், வாடிக்கையாளரின் வருகையும் செலவும் முன்பைவிடக் கூடியிருந்தன. 2017 நவம்பரில் நகர சபை அந்தப் பாதையை நிரந்தரமாக்கியது. பாதை வந்ததால் வியாபாரம் படுத்துவிடவில்லை என்பது அதில் தெளிவானது.

அதோடு சர்ச்சை ஓய்ந்ததா என்றால் இல்லை. இந்தப் பாதை உட்படச் சில பாதைகளை அகற்ற 2024 இல் ஒன்டாரியோ மாகாண அரசு சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அரசு மேன்முறையீடு செய்தது. சைக்கிளில் போகிறவரின் உயிர்ப் பாதுகாப்புத்தான் அந்த வழக்கின் மையம்.

சரி, இந்த ஏற்ற இறக்கத்தில் யார் சைக்கிள் ஓட்டப் போகிறார்கள் என்று லிந்துலையில் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தபோது, கொழும்பில் சைக்கிளைத் தேடி அலைந்தார்கள். மலையகத்தில் நடந்தார்கள். இங்கே கேள்வி சைக்கிள் பாதையல்ல, வீதி ஓரம் யாருக்கு என்பதுதான்.

நம் கடைக்கு வருவது யார்? லயத்திலிருந்து இறங்கி வரும் தோட்டக் குடும்பங்கள், பஸ்ஸில் வந்து இறங்குபவர்கள், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள். ஓரத்தில் வாகனம் நிற்கிறது, நடைபாதையில் நம் சாமான் இருக்கிறது. இவர்கள் லொறியும் பஸ்ஸும் ஓடும் ஏ7 வீதிக்கு இறங்கித்தான் நடக்க வேண்டும். 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா, ரதல்லப் பகுதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி 7 உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. மலைநாட்டு வீதி தவறை மன்னிக்காது.

நிபுணர்கள் சொல்வது எளிமையானது. மக்களும் வாகனமும் கலக்கும் இடத்தில் வேகம் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோம் மாநாட்டுப் பிரகடனமும் இதையே வலியுறுத்தியது. வேகம் குறைந்த குடியிருப்புத் தெருவில் சைக்கிளுக்குத் தனிப்பாதை இல்லாமலும் சமாளிக்கலாம். வேகமான வீதியில் வெள்ளைக் கோடு மட்டும் போதாது, உயர்ந்த தடுப்பு வேண்டும்.

வியாபாரிகள் செய்யக்கூடியவை சில உண்டு. ஒரு கொப்பியை லாச்சிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு வாரம், வருபவர் நடந்து வந்தாரா, பஸ்ஸிலா, ஓட்டோவிலா, சொந்த வாகனத்திலா என்று கோடு போடுங்கள். சம்பள நாள் வரும் வாரமாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, காலையிலிருந்து இரவு வரை கடை வாசலில் நிற்பது யாருடைய வாகனம் என்று பாருங்கள். பல இடங்களில் அது முதலாளியுடையதாகவே இருக்கும். அதை வேறிடத்தில் நிறுத்தலாம். மூன்றாவது, நடைபாதைக்கு வந்துவிட்ட சாமான்களை உள்ளே எடுங்கள். பாதையிலுள்ள இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படித்தவர்கள் நாம்.

அதன் பிறகு கணக்கோடு நகர சபைக்குப் போகலாம். ஏ7 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு என்பதால் அங்கேயும் ஒரு பிரதி போக வேண்டும். லொறியில் சாமான் இறக்கக் குறித்த நேரமும் இடமும் கட்டாயம் கேளுங்கள். அது இல்லாத எந்தத் திட்டமும் கடைத்தெருவில் நிற்காது. கொப்பியில் உள்ள கோடுகள், பெரும்பாலானோர் சொந்த வாகனத்தில்தான் வருகிறார்கள் என்று காட்டினால் தரிப்பிடம் கேளுங்கள். நடந்து வருகிறார்கள் என்று காட்டினால் நடைபாதை கேளுங்கள். வாடிக்கையாளர் பத்திரமாகக் கடைவாசல் வந்து சேர்ந்தால்தான் மற்றதெல்லாம்.