பழைய புல்லட்டை மாற்றலாமா?

தந்தையார் ஓட்டிய புல்லட் இன்னும் உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறதா? குடும்பத்தோடு எத்தனையோ ஊர்களுக்கு உங்களைச் சுமந்து சென்ற வண்டியை விற்பதா, வைத்துக்கொள்வதா என்னும் குழப்பம் இயல்பானதே.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் எளிமையானது. பிளாட்டினம் பாயிண்டைச் சாலையோரத்திலேயே உப்புத்தாளால் தேய்த்துப் பயணத்தைத் தொடரலாம். புதிய வண்டியிலோ மின்னணுக் கருவியே பெட்ரோலை அளந்து செலுத்துகிறது. அது பழுதானால் பட்டறையைத்தான் நாட வேண்டும்.

ஆயினும் பிரேக்கை எண்ணிப் பாருங்கள். மழைச் சாலையில் பழைய டிரம் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் சுழலாமல் நின்று வண்டி சறுக்கக்கூடும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் கட்டாயமாக்கப்பட்ட ஏ.பி.எஸ். அதைத் தடுக்கிறது. சிலவற்றில் அது முன்சக்கரத்துக்கு மட்டுமே உண்டு. இரு சக்கரத்துக்கும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். புதியதில் இவை இடம் மாறியுள்ளன. அவசரத்தில் கால் பழைய இடத்தையே தேடும். தனியே ஓட்டி நன்கு பழகிய பின்னரே பிள்ளைகளை ஏற்றுங்கள்.

ஊருக்குள் மெதுவாக ஓட்டுவோருக்குப் பழையதே போதும். மனைவி மக்களோடு நெடும்பயணம் செல்வோர் மாற்றுவதே நலம். வண்டியின் மீது அன்பு இருக்கட்டும். பின்னிருக்கையில் அமர்பவர் மீது அதனினும் மிகுதியாக இருக்கட்டும்.