லொறியின் கதவில் ஓர் இலக்கம்

தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் செல்லும் லொறியும், அம்பாறை மாவட்டத்து நெல்லுடன் கொழும்பு நோக்கி வரும் லொறியும் பெரும்பாலும் இரவிலேயே நம்மைக் கடந்து செல்கின்றன. அவற்றின் முன்கண்ணாடியில் வருமான அனுமதிப்பத்திரம் ஒட்டப்பட்டிருக்கும். அந்த ஒரு வாகனத்திற்கு உரிய கட்டணம் செலுத்தப்பட்டுள்ளது என்பதை அது காட்டும். ஆனால், அதன் உரிமையாளர் தமது ஏனைய லொறிகளை எவ்வாறு பராமரிக்கின்றார், அவை கடந்த இரு வருடங்களில் எத்தனை விபத்துகளில் சம்பந்தப்பட்டன என்பவற்றை அப்பத்திரம் கூறாது. விபத்து நிகழ்ந்த மறுநாள் சாரதி கைது செய்யப்படுகின்றார். அவரை அந்த வாகனத்தில் அமர்த்திய நிறுவனம் பற்றிப் பொதுமக்கள் அறிந்துகொள்வது மிகக் குறைவு.

இவ்விடயத்தில் அமெரிக்கா கைக்கொண்டுவரும் முறை கவனத்திற்குரியது. அங்கு மாநிலங்களுக்கிடையே வர்த்தகப் போக்குவரத்தில் ஈடுபடும், 10,001 இறாத்தல் அல்லது அதற்கு மேற்பட்ட நிறையுடைய வாகனங்களை இயக்கும் நிறுவனங்கள் மத்திய போக்குவரத்துத் திணைக்களத்திடம் ஓர் இலக்கத்தைப் பெற்றிருத்தல் வேண்டும். அந்த இலக்கம் நிறுவனத்திற்கு உரியது. நிறுவனத்தின் சகல வாகனங்களிலும், இரு பக்கங்களிலும், பகல் வெளிச்சத்தில் 50 அடி தூரத்திலிருந்து வாசிக்கக்கூடியதாக அது எழுதப்பட்டிருக்க வேண்டும். 2000 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி உருவாக்கப்பட்ட சமஷ்டி மோட்டார் ஊர்திப் பாதுகாப்பு நிர்வாகம் இப்பதிவேட்டைப் பராமரித்து வருகின்றது.

வீதியில் கண்ட அந்த இலக்கத்தை நிர்வாகத்தின் இணையத்தளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். நிறுவனத்தின் சட்டபூர்வப் பெயர், முகவரி, வாகனங்களினதும் சாரதிகளினதும் எண்ணிக்கை ஆகியன ஒரே பக்கத்தில் கிடைக்கும். கடந்த 24 மாதங்களில் வீதியோரப் பரிசோதனைகள் எத்தனை நடைபெற்றன, அவற்றில் எத்தனை வீதமான வாகனங்களும் சாரதிகளும் பாரதூரமான குறைபாடுகள் காரணமாக அவ்விடத்திலேயே சேவையிலிருந்து நிறுத்தப்பட்டனர் என்பதும் காட்டப்படும். அதனருகே தேசிய சராசரியும் தரப்படுவதால், பிரேக், டயர் என்பன பற்றி எதுவும் அறியாத ஒருவர்கூட ஒப்பிட்டுப் பார்க்க முடியும். உயிரிழப்பு, காயம், வாகனம் இழுத்துச் செல்லப்பட்ட சம்பவம் என விபத்துகளும் வகைப்படுத்தப்பட்டிருக்கும்.

இவ்விபரங்களை வாசிப்பதற்கும் நிதானம் தேவை. விபத்துப் பட்டியல் யார் மீது தவறு என்பதைத் தீர்மானிப்பதில்லை. 2,000 லொறிகளை இயக்கும் நிறுவனத்தின் 10 விபத்துகளையும், 4 லொறிகளை மட்டும் வைத்திருப்பவரின் 2 விபத்துகளையும் ஒரே தராசில் நிறுத்தல் பொருந்தாது. திருப்திகரமானது, நிபந்தனைக்குரியது, திருப்தியற்றது என மூவகைத் தரப்படுத்தல் இருந்தபோதிலும், முறையான ஆய்வின் பின்னரே அது வழங்கப்படுவதால் பெரும்பான்மையான நிறுவனங்கள் தரப்படுத்தப்படாமலேயே இருக்கின்றன. தரப்படுத்தல் இல்லாமை நன்மைக்கோ தீமைக்கோ சான்றாகாது. மேலும், நிறுவனங்கள் இரு வருடங்களுக்கு ஒருமுறை தமது விபரங்களைப் புதுப்பிக்க வேண்டும். இறுதியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதை நோக்குவது அவசியம். பிறருடைய இலக்கத்தைக் காட்டி மோசடி செய்வோரும் உள்ளமையால், தம்மிடம் வந்தவர் தந்த தொலைபேசி இலக்கத்தை விடுத்து, பதிவேட்டிலுள்ள இலக்கத்திற்கு அழைத்து உறுதிப்படுத்துவதே பாதுகாப்பானது.

எனினும் பதிவேடு மாத்திரம் உயிர்களைக் காத்துவிடுவதில்லை. 2008 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8 ஆம் திகதி டெக்ஸாஸ் மாநிலத்தின் ஷேர்மன் நகரில் பஸ் ஒன்று பாலத்திலிருந்து வீழ்ந்து, வியட்நாமிய வம்சாவளி கத்தோலிக்க யாத்திரிகர்கள் 17 பேர் உயிரிழந்தனர். முன்சில்லின் டயர் செயலிழந்தமையே விபத்தின் ஆரம்பம். அது பயணிகள் சேவையாயினும், லொறி நிறுவனங்களைக் கண்காணிக்கும் அதே நிர்வாகத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டது. அந்த உரிமையாளரின் முன்னைய நிறுவனம் சில வாரங்களுக்கு முன்னரே சேவையிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தது. அனுமதி கிடைக்காத வேறொரு பெயரில் அவர் பஸ்ஸை இயக்கியிருந்தார். இவ்வாறு பெயர் மாற்றிக்கொண்டு மீண்டும் வீதிக்கு வருவோரை அமெரிக்கர்கள் 'பச்சோந்தி நிறுவனங்கள்' என்றே அழைக்கின்றனர். எனவே புதிய இலக்கமும் குறையற்ற பக்கமும் உடைய நிறுவனம், வேறொரு பெயரில் இதே முகவரியில் இயங்கியதா எனத் தேடுவதும் பரிசோதனையின் ஒரு பகுதியாகும்.

இரண்டாவது சம்பவம் இன்னும் வேதனையானது. 2019 ஆம் ஆண்டு ஜூன் 21 ஆம் திகதி நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தின் ரன்டொல்ப் என்னுமிடத்தில், போக்குவரத்து நிறுவனமொன்றின் வாகனம் மோதி மோட்டார் சைக்கிள்களில் சென்ற 7 பேர் பலியாகினர். சாரதி தொடர்பான அறிவித்தலைக் கனெக்டிகட் மாநிலம் ஏற்கனவே மசசூசெட்ஸ் மாநிலத்திற்கு அனுப்பியிருந்தது. அதன் அடிப்படையில் அவரது அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அது நடைபெறவில்லை. பிற மாநிலங்களிலிருந்து வந்த இத்தகைய அறிவித்தல்கள் பெட்டி பெட்டியாகத் தேங்கிக் கிடந்தமை பின்னர் தெரியவந்தது. திணைக்களத் தலைவர் பதவி விலகினார். ஆயிரக்கணக்கானோரின் அனுமதிப்பத்திரங்கள் அதன் பின்னரே இடைநிறுத்தப்பட்டன. சாரதி 2022 இல் நீதிமன்றத்தினால் விடுவிக்கப்பட்டார். தகவல் இருந்தும் அதனை உரிய காலத்தில் வாசிப்பார் இல்லாமையே இங்கு வெளிப்பட்ட உண்மையாகும்.

நமது நாட்டிலும் பதிவுகளுக்குக் குறைவில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வாகனங்களைப் பதிவு செய்கின்றது. மாகாண நிர்வாகங்கள் வருமான அனுமதிப்பத்திரங்களை வழங்குகின்றன. லொறிகளுக்கும் பஸ்களுக்கும் தகுதிச் சான்றிதழ் தேவைப்படுகின்றது. விபத்துகளைப் பொலிஸார் பதிவு செய்கின்றனர். இவை ஒவ்வொன்றும் தனித்தனி இடங்களில் உள்ளன. 2025 மே 11 ஆம் திகதி கொத்மலை கரண்டிஎல்லையில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20 இற்கும் மேற்பட்டோர் பலியான துயரத்தின் பின்னர் வீதிப் பாதுகாப்புப் பற்றி எங்கும் பேசப்பட்டது. இப்பதிவுகளை ஓர் இலக்கத்தின் கீழ் இணைத்து, வாகனத்தை இயக்குபவரின் பெயரில் மக்கள் பார்வைக்கு வைப்பது பற்றியும் பேசப்பட வேண்டும்.

அதற்கான சட்ட அடிப்படை இல்லாமலில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அரச நிறுவனங்களின் வசமுள்ள தகவல்களைக் கோரும் உரிமை பிரஜைகளுக்கு உண்டு. தமது பொருளையும் பிள்ளைகளையும் பிறருடைய வாகனத்தில் ஏற்றி அனுப்பும் வர்த்தக சங்கங்களும், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும், பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களும் அவ்வுரிமையைப் பயன்படுத்தலாம். வாடகைக்கு வாகனம் அமர்த்தும் முன்னர் தகுதிச் சான்றிதழையும் காப்புறுதிப் பத்திரத்தையும் காட்டுமாறு கேட்பதற்கு எச்சட்டமும் தேவையில்லை. இவ்வாறு கேட்போரின் தொகை பெருகுமாயின், அப்பதிவுகளை ஒன்றிணைத்து வெளியிடும் பொறுப்பை அதிகாரிகளும் நீண்டகாலம் தட்டிக்கழிக்க முடியாது.