சோலார் ஒப்பந்தத்தில் அப்பா கையெழுத்துப் போடும் முன்

ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளையும் கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தையும் பற்றித் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். அவை இருக்கும் இடம் தொலைவு. புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் நம் மொட்டை மாடிக்கே வருவது சோலார்தான். அதோடு விற்பனையாளரும் வங்கிக் கடனும் ஒப்பந்தமும் சேர்ந்தே வருகின்றன. வகுப்பில் படித்தது வீட்டுக்குப் பயன்பட வேண்டிய இடம் இது.

சிலிக்கான் தகட்டில் ஒளி விழுந்தால் எலக்ட்ரான்கள் விடுபட்டு நேர்மின்னோட்டம் பாய்கிறது. இன்வெர்ட்டர் அதை வீட்டுக்கு ஏற்ற மாறுமின்னோட்டமாக மாற்றுகிறது. வேலை செய்வது வெளிச்சம். வெப்பமோ கெடுதல்தான் செய்யும். 25 டிகிரிக்கு மேல் தகடு சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். எனவே கத்திரி வெயிலில்தான் கரண்ட் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் 1 கிலோவாட் அமைப்பு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டை ஒட்டி வரும். இதைப்போல் இரு மடங்கு வரும் என்று விலைப்புள்ளியில் எழுதியிருந்தால் அந்த நிறுவனத்தை அப்போதே விட்டுவிடலாம்.

அடுத்தது நிழல். தகடுகள் தொடராக இணைக்கப்படுவதால் ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைத்துவிடும். ஒரு விடுமுறை நாளில் சாக்பீஸோடு மாடி ஏறுங்கள். காலை ஒன்பது மணிக்கும், உச்சியிலும், மாலை நான்குக்கும் தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுத் தென்னை ஆகியவற்றின் நிழல் விழும் எல்லையைத் தரையில் வரையுங்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்வதால் நிழல் இன்னும் நீளும். அதற்கும் இடம் விடுங்கள். 1 கிலோவாட்டுக்கு நிழலில்லாத சுமார் 100 சதுர அடி வேண்டும். இந்தக் கோடுகளைக் காட்டி, தகடு எங்கே வரும் என்று விற்பனையாளரைக் கேளுங்கள்.

பணம் கட்டிய பிறகே பல குடும்பங்களுக்குத் தெரிய வரும் செய்தி ஒன்று உண்டு. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைக்கும் அமைப்பு, கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியர் மீது நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான கட்டாயப் பாதுகாப்பு அது. மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரி தேவை, அதற்குத் தனிச் செலவு.

ஆபத்தும் இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை தகட்டிலிருந்து வரும் கம்பிகளில் நேர்மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். தொடர் இணைப்பில் அது நூற்றுக்கணக்கான வோல்ட். தளர்ந்த இணைப்பில் பொறி பறந்து தீப்பிடிக்கலாம். வயரைத் தொடுவதோ, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றிப் பார்ப்பதோ கூடாது. எர்த்திங்கும் இடிதாங்கியும் போடாமல் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடவே கூடாது. தகட்டைக் கழுவுவது காலையிலோ மாலையிலோ மட்டும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம்.

இனி பணம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். அமைப்பு இயங்கத் தொடங்கிய பிறகு, விண்ணப்பித்தவரின் வங்கிக் கணக்கில் அது நேராக வரவாகும். மானியத்தை விடுவிக்கக் கட்டணம் கேட்பவரும், ஓடிபி கேட்பவரும் மோசடிக்காரர்களே. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடு, அதில் 100 யூனிட் இலவசமாகவே கிடைக்கும்போது, சோலாருக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஏசி ஓடி 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு நல்ல லாபம்.

'25 வருஷம் கேரண்டி' என்ற வாய்ப்பேச்சைப் பிரித்துக் கேளுங்கள். 25 ஆண்டு என்பது பெரும்பாலும் தகட்டின் உற்பத்தித் திறனுக்கு மட்டும். இன்வெர்ட்டருக்கு அதைவிடக் குறைவு. மானியத் திட்டத்தில் பொருத்தியவர் 5 ஆண்டு பராமரிப்பும் செய்து தர வேண்டும்.

மின்வாரியம் இழுத்தடித்தால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020, அதில் 2024-இல் வந்த திருத்தம் ஆகியவற்றின்படி 10 கிலோவாட் வரையிலான வீட்டுக் கூரை அமைப்புக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். 5 கிலோவாட் வரை, அதற்காக மின்மாற்றியையோ கம்பியையோ வலுப்படுத்த வேண்டியிருந்தால் செலவு மின் நிறுவனத்தைச் சேர்ந்தது. அமைப்பை இயக்கிவைக்க 15 நாள்தான் கெடு. வீட்டுக்கு வந்த யூனிட்டையும் வெளியே போன யூனிட்டையும் தனித்தனியாகக் காட்டும் இருவழி மீட்டர் பொருத்தப்பட்டதும், இரண்டு எண்களையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். பில்லில் தவறு வந்தால் அதுவே சாட்சி.

புகாரை முதலில் 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் பதிந்து பதிவு எண் வாங்குங்கள். தீராவிட்டால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் மின் குறைதீர்ப்பாளர். விற்பனையாளர் ஏமாற்றியிருந்தால் 1915-இல் புகார் தரலாம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது.

தம்பி, தங்கைகளே, உங்கள் வீட்டுக்கு விலைப்புள்ளி வந்தால் முதலில் நீங்கள் வாங்கிப் படியுங்கள். தகடு, இன்வெர்ட்டர் இரண்டின் பெயரும் திறனும் உத்தரவாதமும், எதிர்பார்க்கும் யூனிட்டும் எழுத்தில் வரும்வரை ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க விடாதீர்கள்.