இங்கிலீஷ் பாடம் புரியலையா? அணையிலிருந்து ஆரம்பிக்கலாம்!

வடகரையில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பத்திகள் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று பனிச்சறுக்கு பற்றியது; இன்னொன்று நிரம்பி வழியும் அணை பற்றியது. இரண்டுமே ஒரே அளவு கடினம். ஆனால், பக்கத்தில் மேக்கரை அடவிநயினார் அணை 132 அடி நிரம்பி மறுகால் போவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, 'ஸ்பில்வே' என்ற புது வார்த்தையின் அர்த்தம் டிக்‌ஷனரி இல்லாமலே பிடிபடலாம். பனிச்சறுக்கில் அந்த வசதி இல்லை.

அப்படியானால், 'இவனுக்கு இங்கிலீஷ் வராது' என்று எந்தப் பத்தியை வைத்து முடிவு கட்டுவது?

ஏன் இப்படி?

எழுதுபவர் எல்லாவற்றையும் எழுதுவதில்லை. 'குற்றாலத்தில் சீசன் தொடங்கியது' என்றால் தென்மேற்குப் பருவமழை, சாரல், அருவியில் கூட்டம் என மிச்சத்தைத் தென்காசிக்காரர் தானே நிரப்பிக்கொள்வார். வெளியூர்க்காரர், 'என்ன சீசன், கிரிக்கெட்டா?' என்று கேட்கக்கூடும். இப்படி மனதில் ஏற்கெனவே இருக்கும் அறிவுக் கட்டமைப்பை ஆய்வாளர்கள் 'ஸ்கீமா' என்கிறார்கள்.

ஆய்வு என்ன சொல்கிறது?

1979-ல் ஸ்டெஃபன்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், இந்தியர்களும் அமெரிக்கர்களும் இரண்டு கடிதங்களை ஆங்கிலத்தில் படித்தார்கள். ஒன்று இந்தியக் கல்யாணம், இன்னொன்று அமெரிக்கக் கல்யாணம். இரு தரப்பும் தங்கள் ஊர்க் கல்யாணத்தையே வேகமாகப் படித்தார்கள். அதிகம் நினைவிலும் வைத்திருந்தார்கள்.

வகுப்பில் என்ன செய்யலாம்?

பாடத்தைத் திறந்ததும் வாசிக்கச் சொல்ல வேண்டாம். தலைப்பையும் படத்தையும் காட்டி, 'இதைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?' என்று தமிழிலேயே ஐந்து நிமிடம் பேசவிடலாம். அவர்கள் சொல்வதற்கான ஆங்கில வார்த்தைகளைப் போர்டில் எழுதிவிட்டு, பிறகு வாசிக்கலாம். பனிச்சறுக்கு மாதிரி அறியாத விஷயம் என்றால், ஒரு சின்ன வீடியோவை முதலில் காட்டலாம்.

சிக்கலே இல்லையா?

இருக்கிறது. அதே ஆய்வில், அமெரிக்க மணமகள் பாட்டியின் கல்யாண உடையை அணிந்தது அங்கே பெருமை. படித்த இந்தியர் ஒருவரோ, அதைப் பழைய, ஃபேஷன் போன உடை என்று புரிந்துகொண்டார். தெரிந்தது வழியும் காட்டும், வழியும் மாற்றிவிடும். அதனால், வாசித்து முடித்ததும் 'நாம நினைச்சதும் இதுல இருக்கிறதும் ஒண்ணா?' என்று கேட்பது அவசியம்.

உங்களுக்கும் பொருந்துமா?

வேலைக்காக ஜெர்மனோ ஜப்பானிய மொழியோ கற்பவர்களுக்கும் இதே கதைதான். ஏற்கெனவே தமிழில் படித்துவிட்ட செய்தியை, உங்கள் துறை சார்ந்த கட்டுரையை அந்த மொழியில் படித்துத் தொடங்குங்கள். பாதி விஷயம் முன்பே தெரிந்திருப்பதால், மொழியை மட்டும் கவனித்தால் போதும்.