கொடுக்கும் கை விலை கேட்கலாமா?

கிறிஸ்தவ வாழ்வுக்கு மூன்று கடமைகள் உண்டு என்று ஞாயிறு பாடசாலையில் படித்தோம். இறைவனிடம் மன்றாடுவது, அயலவருக்குத் தொண்டு செய்வது, தாம் பெற்ற நற்செய்தியைப் பிறருடன் பகிர்ந்து கொள்வது என்பனவே அவை. இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் சந்திக்கும் இடத்தில்தான் சிக்கல் எழுகின்றது. பசித்தவளுக்கு அரிசி கொடுக்கும்போது கூடவே வேதத்தையும் கொடுக்கலாமா? கொடுத்தால், வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியுமா? வன்னிக் கிராமங்களில் பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்களுடன் பணியாற்றுபவள் என்ற வகையிலும், கிறிஸ்தவப் பெண் என்ற வகையிலும் எனக்கு இது தட்டிக்கழிக்க முடியாத கேள்வியாகும்.

திருப்பிக் கொடுக்க ஏதுமில்லாதவள்

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை எவரும் மறந்திருக்க மாட்டோம். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். கூலி வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு நேர உணவே பெரும்பாடாயிற்று. அந்நாட்களில் பல நிறுவனங்களும் சபைகளும் உலர் உணவுப் பொதிகளைக் கொடுத்தன. அதனால் எரிந்த அடுப்புகள் பல. அந்த உதவியை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது.

அப்போது இரு பிள்ளைகளின் தாயான ஒரு சைவப் பெண் என்னிடம் சொன்னாள்: “மிஸ், சாமான் தந்தவை நல்ல ஆக்கள்தான். ஒருத்தரும் கட்டாயப்படுத்தேல்லை. ஆனா ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகாட்டி அடுத்த மாசம் என்ர பேரை வெட்டிப்போடுவினமோ எண்டு பயமாக் கிடக்கு.”

கவனியுங்கள், கொடுத்தவர்கள் எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை. ஆயினும் அவள் மனதில் நிபந்தனை ஒன்று தானாகவே முளைத்துவிட்டது. இது ஏன்?

பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ், கொடை பற்றி 1925 இல் வெளியான தமது ஆய்வில் இதற்கு விளக்கம் தருகின்றார். கொடுப்பதும், பெறுவதும், திருப்பிக் கொடுப்பதும் ஒன்றோடொன்று பிணைந்த கடமைகள் என்பது அவரது கருத்தாகும். இதை அறிய எமக்குப் புத்தகமும் தேவையில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பியனுப்ப எமது அம்மாமார் விரும்புவார்களா? ஒரு பிடி சீனியாவது, நாலு முருங்கைக்காயாவது வைத்துத்தான் அனுப்புவார்கள். அதில் அவர்களது மானம் இருக்கின்றது. தட்டில் வைக்க ஏதுமில்லாத பெண் என்ன செய்வாள்? தன் வருகையையும் தலையசைப்பையும் வைக்கின்றாள். அதை விசுவாசம் என்று நாம் கணக்கெழுதினால், ஏமாறுவது நாமேயாவோம்.

மற்ற ஒன்பது பேர்

லூக்கா எழுதிய நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளரின் கதை வருகின்றது. பத்துப்பேரும் சுகமடைகின்றனர். நன்றி சொல்லத் திரும்பி வந்தவனோ ஒருவன்தான். மற்றவர்கள் எங்கே என்று இயேசு வருந்திக் கேட்கின்றார். ஆனால், அந்த ஒன்பது பேருக்கும் நோய் திரும்பி வந்ததாக எங்கும் எழுதப்படவில்லை. அதே நூலில் வரும் நல்ல சமாரியனும், காயப்பட்டவனின் மதத்தை விசாரித்துவிட்டு எண்ணெய் வார்க்கவில்லை. சத்திரக்காரனிடம் காசைக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போகின்றான். தொண்டுக்கு எங்கள் வேதம் காட்டும் அளவுகோல் இதுதான்.

எமது மண்ணில் வாழ்ந்து காட்டியோர்

யாழ்ப்பாணத்தின் அமெரிக்க மிஷன் வரலாற்றில் இதன் இரு பக்கங்களையும் காணலாம். 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையில், ஆரம்ப காலத்தில் உணவும் உடையும் இலவசம். படிப்பை முடிக்கும் பெண்களுக்குச் சீதனமும் வழங்கப்பட்டது. பெண் கல்வியை எவரும் விரும்பாத காலத்தில் அது வீடுகளின் கதவைத் திறந்தது. அதேவேளை, இவர்கள் விசுவாசத்துக்காக வந்தார்களா, சீதனத்துக்காக வந்தார்களா என்ற கேள்விக்கும் அது இடம் வைத்தது.

அதே பாடசாலைக்கு 1840 இல் வந்த எலிசா அக்னியூ அம்மையார் சுமார் 40 ஆண்டுகள் கற்பித்தார். படித்து முடித்துப் போன பெண்களின் வீடுகளைத் தேடிச்சென்று சுகம் விசாரிப்பது அவரது வழக்கம். தாய்நாட்டுக்குத் திரும்பாமலே 1883 இல் இம்மண்ணிலேயே கண்மூடினார். ‘ஆயிரம் பெண்களின் தாய்’ என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அப்பெயரைச் சீதனம் வாங்கித் தரவில்லை. கூடவே வாழ்ந்த 40 ஆண்டுகள்தான் வாங்கித் தந்தன.

1847 இல் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் செய்தார். தமிழ் கற்று, மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழில் தந்து, எமது இளைஞர்களைத் தமிழிலேயே வைத்தியர்களாக்கினார். அவர்கள் தம் உடையையும் பழக்கவழக்கங்களையும் கைவிடுவதை அவர் விரும்பவில்லை. நற்செய்தியை வெளிப்படையாகச் சொல்லவே வந்தவர் அவர். ஆயினும் அவர் விட்டுச்சென்ற மருத்துவத் தமிழ் எல்லோருக்கும் சொந்தமாயிற்று.

கனடாவில் பிறந்து 1896 இல் வைத்தியத் தொண்டுக்காக வந்த டொக்டர் மேரி இரட்ணம், தமிழரான கனகரட்ணத்தை மணந்தமையால் மிஷனின் ஆதரவை இழந்தார். ஆனால், தொண்டை விடவில்லை. கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். பெண்கள் வாக்குரிமைக்காக உழைத்தார். 1930 இல் கிராமப் பெண்களுக்காக லங்கா மகிள சமிதியைத் தொடங்கினார். 1958 இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. எந்த மதத்துப் பெண்ணும் அச்சமிதியில் சேரலாம்.

உரிமையும் பொறுப்பும்

விரும்பிய மதத்தைக் கைக்கொள்ளும் உரிமையை எமது அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை தருகின்றது. 2004 இல் கட்டாய மதமாற்றத்தைத் தடுப்பதற்கென ஒரு சட்டமூலம் வந்தபோது, அதன் சில வாசகங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆகவே நம்பிக்கையைப் பகிர்வது குற்றமல்ல. ஆனால், மதம் அல்லது அரசியல் கருத்தை வளர்க்க நிவாரணத்தைப் பயன்படுத்தலாகாது என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994 இன் நடத்தைக் கோவையில் ஏற்றுக்கொண்டுள்ளன. சட்டம் அனுமதிப்பதை அன்பு சில வேளைகளில் தள்ளிப்போடச் சொல்கின்றது.

அப்படியானால் வாய் திறக்கவே கூடாதா? எமது பகுதியில் ஒரு வயதான கிறிஸ்தவத் தாய் இருக்கின்றார். விடிய நாலு மணிக்கு எழுந்து ஜெபிப்பார். பின்னர் படுக்கையிலிருக்கும் சைவ அயலவருக்குக் கஞ்சி கொண்டுபோவார். அந்த வீட்டார் பொங்கல் கொடுத்தால் மகிழ்ச்சியோடு வாங்கிச் சாப்பிடுவார். ஒருநாள் நோயாளியே கேட்டாராம்: “அக்கா, நீங்கள் ஏன் எனக்கு இவ்வளவு செய்யிறியள்?” அன்றுதான் அவர் தன் ஆண்டவரைப்பற்றிச் சொன்னாராம். கேட்டவர் சைவராகவே இருக்கின்றார். கஞ்சியும் நிற்கவில்லை.

எமது மாதர் ஐக்கியங்களுக்கு நான்கு வேண்டுகோள்கள்: 

பொருட்கள் வழங்கும் நாளையும் இடத்தையும் ஆராதனையிலிருந்து வேறாக வையுங்கள். 

பயனாளிகள் பட்டியலைக் கிராம அலுவலருடனும் ஊரின் ஏனைய சங்கங்களுடனும் சேர்ந்து தயாரியுங்கள். 

பெறுபவளும் எதையாவது கொடுக்க வழி செய்யுங்கள். சமைக்க, தைக்க, பிள்ளைகளுக்குப் படிப்பிக்க அவளுக்குத் தெரியும். 

ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒருத்தியின் குடும்பத் துயரத்தைச் சபையறியச் சொல்லாதீர்கள். அவளுக்காகத் தனியறையில் மன்றாடுங்கள்.

சகோதரிகளே, வேண்டாம் என்று சொன்ன பின்பும் அடுத்த மாதப் பட்டியலில் அவளது பெயர் இருக்கட்டும். எங்கள் விசுவாசத்தைப்பற்றி அவளுக்குத் தெரிய வேண்டிய முதற் செய்தி அதுவேயாகும்.