மலைத்தீயும் சிற்றாற்றுத் தண்ணீரும்

குற்றால மலையில் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் பெய்து அருவிகள் பெருகுவதும், அந்த ஜலமே சிற்றாறாகத் தென்காசி வழியே ஓடிச் சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியில் கலப்பதும் யாவரும் அறிந்ததே. அதற்கு முந்திய மாசி, பங்குனி மாதங்களில் மலைச்சரிவுப் புல் காய்ந்து தீப்பற்றுவதை மட்டும் நம்மவர்கள் தூரத்துக் காட்சியாகப் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதன் பலனோ மூன்று மாதங் கழித்து வாய்க்கால் வழியாக வயலுக்கு வந்து சேருகிறது.

காட்டிலுள்ள இலைச்சருகு மண்ணுக்கு ஒரு போர்வையாகும். மழைத்துளியின் அடியைத் தாங்கி, ஜலத்தை மெல்ல உள்ளே இறக்குவது அதுவே. கடுந்தீயில் சருகிலுள்ள மெழுகு போன்ற பொருள்கள் ஆவியாகி, சற்றுக் கீழே மண்ணில் படிந்து உறைகின்றன. அத்தகைய மண் தாமரையிலையைப் போலத் தண்ணீரை ஒட்டவிடாது. ஆகையால் முதல் மழை முழுவதும் சாம்பல், கரி, மேல்மண் ஆகியவற்றை வாரிக்கொண்டு ஓடையில் இறங்குகிறது. தண்ணீர் கறுத்துக் காரத்தன்மை அடைகிறது. அதில் கரைந்துள்ள பிராணவாயு குறைந்தால் மீன்கள் மடியும்.

சாம்பல் உரந்தானே என்று கேட்கும் குடியானவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே, அதில் பொட்டாஷும் சுண்ணாம்பும் இருக்கின்றன. ஆனால் கூட வரும் நுண்வண்டல் கார் நாற்றங்காலின் இளமுளைகளை மூடிவிடும், குளங்களையும் தூர்க்கும். கோடையிலும் ஊற்றுக் கொடுக்கவேண்டிய மலைமண்ணை இழந்து பெறும் இவ்வுரத்தின் விலை மிக அதிகம்!

2003-ஆம் வருஷம் ஜனவரியில் ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பெராவுக்குக் குடிநீர் தரும் காட்டர் நதிப் பிரதேசம் எரிந்தது. பின் பெய்த மழையில் நீர்த்தேக்கங்கள் கலங்கின. அதுவரை வடிகட்டத் தேவையின்றியிருந்த ஜலத்துக்காகப் புதிய வடிகட்டும் நிலையமே கட்டவேண்டியதாயிற்று.

மலை எரிந்த வருஷத்தில் முதல் வெள்ளத்தின் கருமை தெளியும்வரை மடையை அடைத்து வைப்பது உசிதம். நாற்றங்காலுக்குக் கிணற்றுத் தண்ணீர் கிடைக்குமானால் அதையே பாய்ச்சவும். வேறு குடிநீர் இல்லாதவர்கள் தேற்றாங்கொட்டை இழைத்துத் தெளியவைத்து, வடிகட்டிக் காய்ச்சியே குடிக்கவேண்டும். தெளிந்ததெல்லாம் சுத்தமான ஜலமன்று. புதுப்புல் முளைக்குமென்று மேய்ச்சல்காரர் தீ வைக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின், மாசி பிறக்குமுன்பே ஊர்ப் பெரியோர்கள் அவர்களுடன் பேசித் தடுப்பதும், மலையில் புகை கண்டவுடன் வனத்துறையாருக்குத் தெரிவிப்பதும் அவசியம்.