கொதித்த இயந்திரம்

பொத்துவிலிலிருந்து கல்முனைக்குத் திரும்பிய ஒரு பிற்பகல், அக்கரைப்பற்றை அணுகும்போது நமது பழைய டீசல் காரின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. "ஹெட் கஸ்கட் போய்விட்டது, என்ஜினைக் கழற்றவேண்டும்" என்றார் வழியில் கண்ட ஒருவர். மகளின் படிப்புக்கென ஒதுக்கிய பணமே நம் நினைவில் எழுந்தது. வண்டியை ஆறவிட்டு, நீர் ஊற்றி, மெல்லக் கல்முனை சேர்ந்தோம்.

"கழட்டுறதுக்கு முந்திப் பாப்பம், சேர்" என்றார் முதிய மெக்கானிக் காக்கா.

சிலிண்டர்க் கட்டைக்கும் அதன் தலைப்பாகத்துக்கும் இடையே உள்ள மெல்லிய தகடே கஸ்கட். டீசல் என்ஜின் காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கி, அச்சூட்டாலேயே எரிபொருளைப் பற்றவைப்பது. ஆதலின் தகடு பழுதுற்றால் எரிந்த வாயு குளிர்நீரில் புகும்; நீர் எண்ணெயிலும் கலக்கக்கூடும்.

என்ஜின் நன்கு ஆறிய பின்னரே காக்கா றேடியேற்றர் மூடியைத் திறந்தார். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். என்ஜினை ஓடவிட்டபோது நீரில் குமிழிகள் தொடர்ந்து எழவில்லை. எண்ணெய் பால்நிறம் கொள்ளவில்லை. புகைக்குழாயில் வெண்புகை இல்லை. வாயுவைக் காட்டிக்கொடுக்கும் நீலத் திரவமும் நிறம் மாறவில்லை. நீர்ப்பம்பின் அடியில் மட்டுமே கசிவு! பம்பை மாற்றியபின் மறுபடியும் சோதித்தார், குறை ஏதுமில்லை.

அறிகுறி கண்டவுடன் தீர்ப்புக் கூறாது காரணத்தைத் தேடவேண்டும் என்று மாணவர்க்கு உரைக்கும் நாம், அன்று அதனைக் கற்றுக்கொண்டோம்.